சோடியம் 114: உப்பு குறைந்ததா, தண்ணீர் கூடியதா?

கொள்ளிடக்கரை:

வணக்கம். அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பிரஷருக்கு மாத்திரை போடுகிறார், அந்த மாத்திரையிலேயே நீர் பிரிய வைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு மருந்தும் சேர்ந்திருக்கிறது. வெயில் காலம் என்று ஆளாளுக்கு "தண்ணீர் நிறைய குடிங்க" என்று சொல்ல, அவரும் சொம்பு சொம்பாகக் குடித்தார். பசியில்லை என்று சாப்பாட்டைக் குறைத்து, கஞ்சியும் டீயுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். முதலில் தலைவலி, குமட்டல். அப்புறம் பேச்சு குழறியது, நான் யார் என்று என்னையே கேட்டார். பக்கவாதம் என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் சோடியம் மட்டும் 114 என்று வந்தது.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், தெளிவாகப் பேசுகிறார். ஆனால் அங்கே கேட்ட சில விஷயங்கள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அவசரத்தில் யாரிடமும் நிதானமாகக் கேட்கவும் முடியவில்லை. டாக்டர் சொன்னார், "உப்பு குறைந்துவிட்டது என்பதைவிடத் தண்ணீர் கூடிவிட்டது என்பதுதான் சரி" என்று. சரி, ரத்தத்தில்தானே உப்பு நீர்த்துப் போனது, மூளை ஏன் குழம்ப வேண்டும்? "உப்புத் தண்ணீரை வேகமாக ஏற்றினால் ஒரே நாளில் சரியாகிவிடாதா" என்று என் தம்பி கேட்டதற்கு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் ஏறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதைவிடக் குழப்பம், பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவருக்குச் சர்க்கரை 600, சோடியம் 126. அவருக்கு மட்டும் "சர்க்கரை இறங்கினால் சோடியம் தானாக ஏறிவிடும், அதற்கு உப்பு வேண்டாம்" என்றார்கள். ஒரே சோடியம், ஒருவருக்கு ஒரு நியாயம் இன்னொருவருக்கு வேறு நியாயமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்குங்கள்.

செவிலிப்பாடம்:

அம்மா தேறி வந்தது பெரிய நிம்மதி. நான் நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த இடத்தில்தான் வகுப்பில் பாதிப் பேர் தடுமாறுவார்கள். அதனால் அடியிலிருந்து வருகிறேன்.

70 கிலோ எடையுள்ள ஒரு ஆணின் உடம்பில் ஏறக்குறைய 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் 28 லிட்டர் செல்களுக்கு உள்ளே. வெளியே 14 லிட்டர், அந்த 14இலும் ரத்தக் குழாய்க்குள் பிளாஸ்மாவாக ஓடுவது சுமார் 3 லிட்டர்தான், மீதி செல்களைச் சுற்றி நிற்கும் திரவம். அம்மா வயதில், பெண் உடம்பில், மொத்தமே 25 லிட்டர் அளவில் இருக்கலாம். செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் (எவ்வளவு துகள் கரைந்திருக்கிறது என்று சொல்லும் அலகு), பொட்டாசியம் வெறும் 4. உள்ளே அப்படியே தலைகீழ், பொட்டாசியம் 140 பக்கம், சோடியம் பத்து பதினைந்து. இந்த ஏற்பாடு தானாக நிலைப்பதில்லை. செல்லின் சுவரான மெல்லிய சவ்வில் இருக்கும் ஒரு புரதப் பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957இல் இதைக் காட்டினார், 1997இல் அதற்கு நோபல் கிடைத்தது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஒரு பெரிய பங்கு இந்தப் பம்புக்குத்தான் போகிறது.

சோடியத்துக்கு இப்படி வாசலிலேயே தடை. தண்ணீருக்குத் தடை கிடையாது. பெரும்பாலான செல்களில் தண்ணீர் மட்டும் நுழையும் தனித் துளைகள் உண்டு, அக்வாபோரின் என்று பெயர். பீட்டர் அக்ரே குழு 1992இல் இதை உறுதிப்படுத்தியது ரத்தச் சிவப்பணுவின் சுவரிலிருந்து எடுத்த புரதத்தை வைத்துத்தான், அவருக்கு 2003இல் நோபல். ஆக, தண்ணீர் தாராளமாகப் போய் வரும், உப்பு போக முடியாது. இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் எந்தப் பக்கம் கரைபொருள் அடர்த்தி அதிகமோ அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் நகர்கிறது. மாவடு போடும்போது உப்பைத் தூவி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் ஊறி நிற்கும், வடு சுருங்கிப் போயிருக்கும் இல்லையா, அதே சங்கதி.

இப்போது அம்மா கதை. குடித்த தண்ணீர் சிறுநீராக வெளியேறாமல் தங்கிவிட்டது, ரத்தத்தில் சோடியம் 140இலிருந்து 114க்கு நீர்த்துவிட்டது. செல்லுக்குள்ளே அடர்த்தி இன்னும் பழையபடியே. உள்ளே அதிகம், வெளியே குறைவு, அதனால் தண்ணீர் ரத்தத்தில் நிற்காமல் இருபுறமும் சமமாகும்வரை செல்லுக்குள் போகிறது. இது எல்லாச் செல்லிலும் நடக்கிறது. தசைச் செல் கொஞ்சம் உப்பினால் யாருக்கும் தெரியப்போவதில்லை, சுற்றிலும் இடம் இருக்கிறது. மூளை மட்டும் எலும்புக் கூட்டுக்குள் அடைந்து கிடக்கிறது, சில சதவீத வீக்கத்துக்கு மேல் அங்கே இடம் கிடையாது. தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு என்று எல்லாம் மூளை வழியாகவே வெளிப்படுவது அதனால்தான். சோடியத்துக்கு மூளைமேல் தனிப் பகை ஒன்றும் இல்லை.

மாணவிகளுக்கு நான் செய்து காட்டும் சோதனையையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் சர்க்கரைக் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தத்தை 0.9 சதவீத சலைனில், அதாவது உப்புக் கரைசலில், விட்டால் சிவப்பணுக்கள் அப்படியே இருக்கும், குழாய் கலங்கலாகத் தெரியும். 3 சதவீத உப்புக் கரைசலில் சுருங்கிவிடும். வெறும் காய்ச்சி வடித்த நீரில் விட்டால் உப்பி வெடித்துவிடும், சற்று நேரத்தில் கலங்கல் போய் தெளிந்த சிவப்பு நீராகிவிடும். (நரம்பில் வெறும் தண்ணீரை ஏற்றக்கூடாது என்பது இதனால்தான்.) டச்சு உடலியங்கியலாளர் ஹாம்பர்கர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிவப்பணுக்களை வைத்து இப்படிப் பார்த்துத்தான் 0.9 பக்கம் வந்து சேர்ந்தார். இதுவரை யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அடுத்து 1.8 சதவீத யூரியாக் கரைசலை எடுப்பேன். அதில் லிட்டருக்கு 300 மில்லிமோல் யூரியா, கணக்குப்படி ரத்தத்தின் மொத்த அடர்த்திக்குச் சமம். சிவப்பணு பத்திரமாக இருக்க வேண்டும் இல்லையா? இருக்காது. காய்ச்சி வடித்த நீரில் நடந்த மாதிரியே வெடித்துவிடும். யூரியா சுவரைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது.

எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அந்தச் சுவரைத் தாண்ட முடியாமல் வெளியே நிற்பது எவ்வளவு, அதுதான் தண்ணீரை இழுக்கும்.

இரவுப்பணி:

மேடம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர் நான், இந்த நோயாளிகளைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

பக்கத்துக் கட்டில் பெரியவர் விஷயம். முதலில் ஓர் உதாரணக் கணக்கு. 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 540 மில்லிகிராம் என்றால் 18ஆல் வகுத்தால் லிட்டருக்கு 30 மில்லிமோல். ரத்த யூரியா 180 மில்லிகிராம் என்றால் 6ஆல் வகுத்தால் அதுவும் 30 மில்லிமோல். இரண்டும் ரத்தத்தின் மொத்த அடர்த்தியை ஒரே அளவுக்குத்தான் உயர்த்துகின்றன. ஆனால் இன்சுலின் இல்லாத உடம்பில் சர்க்கரை தசை, கொழுப்புச் செல்களுக்குள் போக முடியாமல் வெளியே தேங்குகிறது, செல்லுக்குள் இருந்து தண்ணீரை ரத்தத்துக்கு இழுக்கிறது, இழுத்த தண்ணீர் சோடியத்தை நீர்க்க வைக்கிறது. சர்க்கரை 100 மில்லிகிராம் ஏறினால் சோடியம் 1.6 முதல் 2.4 வரை இறங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறோம். 600க்குப் போட்டுப் பாருங்கள், அவருடைய 126 உண்மையில் 134 முதல் 138 வரைக்குச் சமம். இன்சுலின் கொடுத்ததும் சர்க்கரை உள்ளே போகும், தண்ணீரும் கூடவே திரும்பிப் போகும், சோடியம் ஏறும். யூரியா 180 இருக்கும் சிறுநீரக நோயாளிக்கு இந்த இழுப்பே கிடையாது, யூரியா இருபுறமும் சமமாகப் பரவிவிடுகிறது. டயாலிசிஸில் ரத்த யூரியாவைச் சட்டென்று இறக்கினால் மட்டும் சிக்கல் வரும். மூளையிலிருந்து அது அவ்வளவு வேகமாக வெளியே வராது, அந்தக் கொஞ்ச நேரத்துக்கு யூரியாவே தண்ணீரை மூளைக்குள் இழுக்கும். முதல்முறை டயாலிசிஸை மெதுவாக, குறைந்த நேரம் செய்வது அதற்காக.

ஆக, உங்கள் அம்மாவுக்கும் அந்தப் பெரியவருக்கும் ரிப்போர்ட்டில் சோடியம் குறைவு என்றே இருந்தாலும், செல்களில் நடந்தது நேர் எதிர். அம்மாவின் செல்கள் வீங்கியிருந்தன, பெரியவரின் செல்கள் சுருங்கியிருந்தன. அவருக்கு உப்பை ஏற்றியிருந்தால் சுருங்கியது இன்னும் சுருங்கியிருக்கும்.

இனி உங்கள் தம்பியின் கேள்வி. நியாயமான கேள்வி, எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் கேட்பார். மூளை சும்மா வீங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. சில மணி நேரத்திலேயே தன் செல்களில் இருந்து பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியே விடுகிறது, அடுத்த ஓரிரு நாளில் டாரின், குளூட்டமேட், மையோஇனோசிட்டால் மாதிரியான சிறு மூலக்கூறுகளையும் கழித்துவிடுகிறது. உள்ளே அடர்த்தி குறைந்ததும் தண்ணீர் வெளியேறி வீக்கம் வடிகிறது. ஒருவர் சோடியம் 114இலும் நடந்து வந்து பேசுகிறார் என்றால் இந்தத் தற்காப்புதான் காரணம். அதே 114 சில மணி நேரத்தில் இறங்கியிருந்தால் வலிப்பும் மூச்சு நிற்பதும் வந்திருக்கும். மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் இதைப் பார்க்கிறோம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்குக் கீழே இருந்தது, ஓட்டத்தின் நடுவே அதிகமாகத் தண்ணீர் குடித்து எடை கூடியவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள்.

இப்படித் தன்னைக் காலியாக்கிக்கொண்ட மூளைக்கு வெளியே திடீரென்று சோடியத்தை 114இலிருந்து 135க்கு ஏற்றினால் என்ன ஆகும்? இப்போது வெளியே அடர்த்தி அதிகம், உள்ளே குறைவு. தண்ணீர் மூளைச் செல்லை விட்டு ஓடும். கழித்துவிட்ட மூலக்கூறுகளைத் திரும்பச் சேர்க்க மூளைக்குப் பல நாள் வேண்டும். அதற்குள் சுருங்கிப்போவதில் முதலில் அடிபடுவது நரம்பு இழைகளுக்கு உறை போடும் செல்கள், குறிப்பாக மூளைத்தண்டின் நடுப்பகுதியில். 1959இல் ஆடம்ஸ், விக்டர், மன்கால் ஆகியோர் முதலில் விவரித்த நோய் இது. கொடுமை என்னவென்றால் அன்றைக்கே தெரியாது. நோயாளி தெளிந்துவிட்டார் என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது, சில நாள் கழித்து விழுங்க முடியாமல், பேச முடியாமல், கைகால் அசைக்க முடியாமல் போவார். அதனால்தான் ஒரு நாளைக்கு எட்டு, அதிகபட்சம் பத்து என்று கோடு கிழித்து வைத்திருக்கிறோம். உங்களிடம் கண்டிப்பாகப் பேசிய டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

வலிப்பு வந்துவிட்டால் மட்டும் வேறு வழி. அப்போது 3 சதவீத சலைனை 100, 150 மில்லி என்று உடனே கொடுப்போம், சோடியம் நான்கு முதல் ஆறு வரை உயர்ந்தாலே மூளையின் அவசர வீக்கம் அடங்கிவிடும், அதோடு நிறுத்தி மீதியை மெதுவாக.

கொள்ளிடக்கரை:

மிக்க நன்றி மேடம், நன்றி டாக்டர். தம்பியையும் படிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று மட்டும். இரண்டாம் நாள் பொட்டாசியமும் குறைவு என்று சிரப்பும் டிரிப்ஸும் கொடுத்தார்கள், அப்போது "பொட்டாசியம் போகுது, சோடியத்தை இன்னும் அடிக்கடி பாருங்க" என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரவுப்பணி:

நல்ல காது உங்களுக்கு, அதைச் சொன்னவர் விஷயம் தெரிந்தவர். 1958இல் எடல்மன் குழு காட்டிய உறவு இது: ரத்தச் சோடியத்தின் அளவு, உடம்பில் இடம் மாறி நடமாடக்கூடிய சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த கூட்டுத்தொகையை மொத்தத் தண்ணீரால் வகுத்தால் வருவதை ஒட்டியே நிற்கும். ரத்தத்தில் இருக்கும் சோடியத்தைத்தானே அளக்கிறோம், அதில் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்துக்கு என்ன வேலை என்று தோன்றும். செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது பொட்டாசியம். அது குறைந்தால் அங்கே தண்ணீர் நிற்காது, வெளியே வந்து சோடியத்தை நீர்க்க வைக்கும், கொஞ்சம் சோடியம் அந்த இடத்துக்கு உள்ளேயும் போய்விடும். திரும்பப் பொட்டாசியம் கொடுத்தால் எல்லாம் எதிர்த் திசையில் நடக்கும். 25 லிட்டர் தண்ணீர் உள்ள உடம்புக்கு 50 மில்லிமோல் பொட்டாசியம் கொடுத்தால் சோடியம் சுமார் 2 ஏறலாம். நாளைக்கு எட்டுதான் எல்லை என்கிறபோது இரண்டு சின்ன விஷயம் இல்லை. சலைனை மட்டும் கணக்கில் வைத்துப் பொட்டாசியத்தை மறந்துவிட்டால் எல்லையைத் தாண்டியே விடுவோம்.

உங்கள் அம்மாவின் மாத்திரை சோடியம், பொட்டாசியம் இரண்டையுமே சிறுநீரில் போக வைப்பது. அதனால் "தண்ணீர் கூடிவிட்டது" என்பது பெரும்பகுதி உண்மை, உப்பும் ஓரளவு போயிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேம்படி:

குறுக்கே வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். அப்பாவுக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது, கால் வீக்கம், வயிற்றில் நீர். அல்புமின் குறைவு, அதனால்தான் ரத்தத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று சொல்லி அல்புமின் பாட்டில் ஏற்றினார்கள். இங்கே சோடியம்தான் தண்ணீரை நகர்த்துகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் விலை உயர்ந்த அல்புமினுக்குப் பதில் சலைன் போட்டிருக்கலாமா?

செவிலிப்பாடம்:

சலைன் போட்டிருந்தால் வீக்கம் கூடியிருக்கும் சார். நாங்கள் இதுவரை பேசியது செல்லின் சுவரை. உங்கள் அப்பா விஷயத்தில் பார்க்க வேண்டியது வேறு சுவர், தந்துகி எனப்படும் மிக நுண்ணிய ரத்தக் குழாயின் சுவர். அதில் சோடியம், சர்க்கரை, யூரியா எல்லாம் செல்களின் இடுக்கு வழியாகச் சுலபமாகப் போய் வரும். தடுத்து நிறுத்தப்படுவது புரதம் மட்டும், அதில் பெரும்பங்கு அல்புமின். முன்னே சொன்ன அதே விதிதான், எது தாண்ட முடியாமல் நிற்கிறதோ அது இழுக்கும். செல் சுவரில் நிற்பது சோடியம், தந்துகிச் சுவரில் நிற்பது புரதம்.

அளவைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் எல்லாத் துகள்களையும் சேர்த்து எண்ணும் அடர்த்தி அலகு) வித்தியாசம் 19.3 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குச் சமம். ரத்தத்தின் மொத்த அடர்த்தி 290 மில்லிஆஸ்மோல், பெருக்கிப் பார்த்தால் 5,600 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. ரத்தப் புரதங்கள் எல்லாம் சேர்ந்து தருவது அதில் வெறும் 25 மில்லிமீட்டர். ஆனால் தந்துகிச் சுவரில் அந்த 5,600இல் பெரும்பகுதி இரு பக்கமும் சமமாகிக் கழிந்துவிடுகிறது, மிஞ்சி நிற்பது இந்த 25தான். தந்துகிக்குள் ரத்தம் வெளியே தள்ளும் அழுத்தமும் அதே மாதிரிச் சிறிய எண்தான், இரண்டும் எதிரெதிரே நிற்கும். 1896இல் ஸ்டார்லிங் சொன்னது இதை. அல்புமின் குறைந்தால் தண்ணீர் ரத்தக் குழாயை விட்டு இறங்கி இடுக்குகளில் தேங்கும். உங்கள் அப்பாவுக்குக் கல்லீரலில் ரத்த ஓட்டம் அடைபட்டு அழுத்தம் ஏறியதும், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைப்பதும் சேர்ந்துகொண்டிருக்கும். அல்புமின் குறைவு ஒன்றே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்பைக் குறைக்கச் சொல்வதும் இதனால்தான்.

மூன்று பாட்டில்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். ஒரு லிட்டர் 0.9 சலைன் ஏற்றினால் அது செல்லுக்குள் போகவே போகாது, சோடியம் வெளியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதில் கால்வாசிதான் ரத்தக் குழாயில் நிற்கும், முக்கால்வாசி இடுக்குகளுக்கு இறங்கிவிடும், கால் வீங்கும். ஒரு லிட்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால், பாட்டிலுக்குள் அது ரத்தத்துக்குச் சமமான அடர்த்தி உள்ளதுதான், சிவப்பணு வெடிக்காது, ஆனால் உள்ளே போனதும் சர்க்கரையை உடம்பு எரித்துவிடுகிறது, மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது எல்லா அறைக்கும் பரவும், மூன்றில் இரண்டு பங்கு செல்லுக்குள் போய்விடும், ரத்தத்தில் நிற்பது நூறு மில்லி கூட இருக்காது. சோடியம் குறைந்தவருக்கு "களைப்பா இருக்கு, ஒரு குளுக்கோஸ் பாட்டில் போடுங்க" என்று நாமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே புரியும். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள், இதை எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அல்புமின் மட்டும்தான் இந்த மூன்றில் ரத்தக் குழாயில் பெரும்பாலும் தங்கும், அதுவும் சில மணி நேரத்துக்குத்தான்.

பொதிகைக்காற்று:

இவ்வளவு தூரம் பேசியதால் ஒன்றைச் சேர்க்கிறேன், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு. வயிற்றுப்போக்கு வந்தால் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், 200 மில்லிக்கான சிறு பொட்டலங்களும் கடையில் கிடைக்கின்றன. சரியாகக் கரைத்தால் அதன் அடர்த்தி 245 மில்லிஆஸ்மோல், ரத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து ஒரே வாசலில் உள்ளே போகும், தண்ணீர் அதைத் தொடர்ந்து போகும். உலகச் சுகாதார நிறுவனம் 2002 வரை சொல்லிவந்தது 311, அதைக் குறைத்ததே வாந்தியும் வெளிப்போக்கும் குறைவதைப் பார்த்துத்தான். ஒரு லிட்டர் பொடியை 200 மில்லியில் கரைத்தால் அடர்த்தி ஐந்து மடங்கு, ஆயிரத்தைத் தாண்டும். அது பிள்ளையின் உடம்பில் இருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், போக்கு கூடும், ரத்தத்தில் சோடியமும் ஏறும். அதிகச் சர்க்கரை உள்ள பாட்டில் ஜூஸும் குளிர்பானமும் போக்கின்போது கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

கொள்ளிடக்கரை:

எல்லோருக்கும் நன்றி. டிஸ்சார்ஜ் தாளில் இன்னும் ஒன்று இருக்கிறது, ரத்த அடர்த்தி 240, சிறுநீர் அடர்த்தி 420 என்று. இனி தண்ணீர் ஒரு லிட்டருக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், கூடவே "முட்டை, பருப்பு நல்லா சாப்பிடட்டும்" என்றும் சொன்னார்கள். தண்ணீரைக் குறைப்பது புரிகிறது. முட்டைக்கும் சோடியத்துக்கும் என்ன தொடர்பு?

இரவுப்பணி:

அந்த இரண்டு எண்களில்தான் அம்மாவின் முழு நோயும் இருக்கிறது. ரத்தம் இவ்வளவு நீர்த்திருந்தால் ஒழுங்கான சிறுநீரகம் 50 முதல் 100 வரைக்கும் நீர்த்த சிறுநீரைக் கொட்டியிருக்க வேண்டும். அம்மாவுடையது 420இல் நின்றுவிட்டது. சிறுநீரகக் குழாயில் தண்ணீரை விட்டுவிட்டு உப்பை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒரு பகுதி உண்டு, சிறுநீர் நீர்ப்பது அங்கேதான், அம்மாவின் மாத்திரையில் இருந்த தயசைடு மருந்து அடைப்பதும் அதே இடத்தைத்தான். அதோடு வயதானவர்களுக்குக் குமட்டல், வலி எல்லாம் வந்தால் தண்ணீரைப் பிடித்து வைக்கும் வாசோபிரசின் ஹார்மோனும் சுரக்கும்.

இப்போது முட்டைக்கு வருகிறேன். சிறுநீரகத்தால் தண்ணீரை மட்டும் தனியாக வெளியேற்ற முடியாது, கூடவே கரைபொருள் போக வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிறவர் நாளுக்கு 600 முதல் 900 மில்லிஆஸ்மோல் கழிக்கிறார், 50 அடர்த்திக்கு நீர்த்தால் 12 லிட்டருக்கு மேல் தண்ணீரை வெளியேற்றலாம். கஞ்சியும் டீயுமாக இருந்தவர் ஒரு நாளில் கழித்தது 420 மில்லிஆஸ்மோல் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீர் அடர்த்தியும் 420இல் சிக்கியிருக்கிறது. அப்படியானால் ஒரு நாளைக்குச் சிறுநீராகப் போகக்கூடியது ஒரே ஒரு லிட்டர். வியர்வை, மூச்சு வழியாக இன்னும் முக்கால் லிட்டரோ ஒரு லிட்டரோ. மூன்று நான்கு லிட்டர் குடித்தால் மீதி எங்கே போகும்? பெரும்பகுதி செல்லுக்குள்ளேதான்.

புரதம் சாப்பிட்டால் அது யூரியாவாக மாறுகிறது. செல் சுவரில் தண்ணீரை இழுக்கத் திறமில்லாத அந்த யூரியா, சிறுநீரில் போகும்போது தன்னோடு தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகிறது. சில நோயாளிகளுக்கு யூரியாப் பொடியையே மருந்தாகக் கொடுக்கிறோம். அம்மாவுக்கு அது தேவைப்படாது, முட்டையும் பருப்பும் மோரும் சாதமுமாக அவர் பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் போதும். அந்தப் பிரஷர் மாத்திரைக்குப் பதில் வேறு எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று தாளில் பாருங்கள், பழைய அட்டை வீட்டில் மிச்சம் இருந்தால் எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள், பழக்க தோஷத்தில் அதையே போட்டுவிடுவார்கள். வேறு டாக்டரிடம் போனாலும் தயசைடால் சோடியம் இறங்கியவர் என்று சொல்லுங்கள், மறுபடி கொடுத்தால் மறுபடி இறங்கும். ஒரு வாரத்துக்குள் சோடியமும் பொட்டாசியமும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இடையில் பேச்சு குழறினாலோ, தூங்கி வழிந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.